சின்னச் சொற்கள்தான் இடறும்: ஆங்கில நாவல் வாசிக்க வீட்டுக் குறிப்புகள்

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் ‘ஏ’ வாங்கிய பிள்ளை ‘டிஸ்கிரிமினேஷன்’ என்ற சொல்லை வைத்து ஒரு பக்கக் கட்டுரை எழுதிவிடும். அதே பிள்ளை ஓர் ஆங்கில நாவலைத் திறந்தால், முதல் அத்தியாயம் முடிவதற்குள் ‘ஈவ்ஸ்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் நின்றுவிடும். ‘ஈவ்ஸ்’ என்றால் கூரையின் எறவாணம். மழை நாளில் தண்ணீர் சொட்டுமே, அந்த விளிம்பு. லயத்து வீட்டில் வளர்ந்த பாட்டிக்கு அதன் கீழேதான் பாதி நாள் கழிந்தது. அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆங்கில இலக்கியம் என்றால் பெரிய பெரிய சொற்கள் தெரிய வேண்டும் என்று பயந்து பலர் ஒதுங்கிவிடுகிறோம். பெரிய சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. தொல்லையெல்லாம் அடுப்படி, வாசல், உடம்பு, வெளிச்சம், மழை பற்றிய குட்டிச் சொற்களிடம்தான். பள்ளிக்கூடம் அவற்றைக் கற்றுக்கொடுக்காது, தேர்வு கேட்காது. ஆனால் நாவல் முழுக்க அவைதான். தோட்டத்தை விட்டு ஈப்போ, புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன். படிவம் ஐந்து பிள்ளைக்கும் ஆகும், பணி ஓய்வு பெற்ற அப்பாவுக்கும் ஆகும்.

1. மலாய் ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் படிக்காதீர்கள்.

நம் நாட்டுத் தமிழருக்கு, தமிழ்நாட்டு வாசகருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ‘இமஜினாசி’, ‘ஒப்செசி’, ‘இலூசி’, ‘புரோவோகாசி’, ‘எக்ஸ்புளோயிதாசி’ எல்லாம் மலாய்ப் பாடத்தில் எழுதிப் பழகியவை. கடைசியில் உள்ள ‘சி’யை ‘ஷன்’ என்று மாற்றினால் ஆங்கிலம் வந்துவிடும். ‘நோஸ்தால்ஜியா’, ‘ஹிப்போக்ரிட்’, ‘டிலேமா’ போன்றவற்றுக்கு அந்த மாற்றம்கூடத் தேவையில்லை. லத்தீன், கிரேக்க வழி வந்த நீண்ட சொற்களில் பெரும்பங்கை மலாய் அப்படியே வாங்கி வைத்திருக்கிறது. ஒரு தாளை எடுத்து, தெரிந்த இத்தகைய மலாய்ச் சொற்களை எழுதிப் பாருங்கள். நூறு தாண்டும். அத்தனையும் உங்கள் ஆங்கிலக் கணக்கில் ஏற்கெனவே வரவு வைத்தவை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நியூஸிலாந்து ஆய்வாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கல்விசார் கட்டுரைகளில் நூற்றுக்குப் பத்துச் சொல் இந்தப் பட்டியலிலிருந்து வருகிறது. புனைகதையிலோ 1.4 விழுக்காடுதான். முவெட் தேர்வுக்குப் பட்டியல் மனப்பாடம் செய்தவர் நாவலில் திணறுவது இதனால்தான். அவர் படித்தது வேறு கடைச் சரக்கு.

2. அடுப்படியிலிருந்தும் தையல் மிஷினிலிருந்தும் தொடங்குங்கள்.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். ஆங்கில நாவலாசிரியர்கள் மனித மனத்தைச் சொல்ல, சமையலறைச் சொற்களையும் தையற்பெட்டிச் சொற்களையும்தான் ஓயாமல் எடுக்கிறார்கள். குழம்பு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே தளதளத்துக்கொண்டிருப்பது ‘சிம்மர்’; வெளியே காட்டாத ஆத்திரத்துக்கும் அதே சொல். சுவாலை இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் விறகு ‘ஸ்மோல்டர்’. நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும் பகையும் அதுவே. பால் திரிவது ‘கர்டில்’. பயத்தில் ரத்தம் உறைவதற்கும் ஆசிரியர் அந்தச் சொல்லைத்தான் போடுவார். புளியை ஊறவைப்பது ‘ஸ்டீப்’. பழம்பெருமையில் ஊறிப்போன குடும்பமும் ‘ஸ்டீப்’ ஆனதுதான். ஆவி பட்டுச் சுடுவது ‘ஸ்கால்ட்’; கண்ணீரும் கன்னத்தை அப்படிச் சுடும். மாவு சலிப்பது ‘ஸிஃப்ட்’; பழைய நினைவுகளைச் சலித்துப் பார்ப்பதும் அதுவே.

தையலுக்கு வாருங்கள். துணியின் ஓரம் நைந்து நூல் பிரிவது ‘ஃப்ரே’. பொறுமையும் நரம்பும் அப்படியே நைந்துபோகும். தைத்த இடம் இழுபட்டுச் சுருங்குவது ‘பக்கர்’. அழப்போகும் குழந்தையின் வாயும் அப்படிச் சுருங்கும். கொசுவம் ‘ப்ளீட்’, மடித்துத் தைத்த ஓரம் ‘ஹெம்’, இணைப்புத் தையல் ‘ஸீம்’. பின்னல் முழுதாகப் பிரிந்துபோவது ‘அன்ரேவல்’. ஒரு குடும்பத்தின் ரகசியம் பிரிவதற்கும் இதைவிட நல்ல சொல் ஆங்கிலத்தில் குறைவு.

செய்முறை இதுதான். வாரம் ஓர் அறை. இந்த வாரம் அடுப்படி என்றால், அங்கே கையால் செய்யும் வேலைகளை மட்டும் தமிழில் எழுதுங்கள்: புடைத்தல், களைதல், வதக்குதல், கிண்டுதல், துருவுதல், இறுத்தல், அலசுதல். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தேடுங்கள். பொருட்களின் பெயரைவிட வேலைகளின் பெயர்தான் முக்கியம். அகப்பைக்கு ஆங்கிலம் ‘லேடில்’ என்று தெரியாமல் ஒரு நாவலை முடித்துவிடலாம். ‘ஸ்மோல்டர்’ தெரியாவிட்டால் கதாநாயகிக்குக் கோபமா, காதலா என்றே பிடிபடாது.

அடுத்த வாரம் வாசல்: நிலைப்படி, கீல், தாழ்ப்பாள், ஜன்னல் திண்டு, எறவாணம்.

3. தோட்டத்துச் சொற்களைத் தூசி தட்டுங்கள்.

பேராக்கில் ரப்பர் வந்த கதை பழையது. 1877இல் குவாலா கங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் பின்னால் வந்த தோட்டங்கள் நம் பேச்சில் ஆங்கிலத்தை நிறைய விதைத்துவிட்டுப் போயின. ‘பெரட்டு’ என்பது ‘பரேட்’. ‘செக்ரோல்’ வருகைப் பதிவேடு. ‘லயம்’ என்பது ‘லைன்ஸ்’. பெரட்டுக்களத்தில் ஆள் சேர்ப்பதைத் துரைமார் ‘மஸ்டர்’ என்றார்கள். நாவலில் ஒருவர் தைரியத்தைத் திரட்டிக்கொள்ளும்போதும் ‘மஸ்டர்’தான். ஆசிட் ஊற்றி ரப்பர்ப் பாலை உறைய வைத்தது ‘கோயாகுலேட்’. காயத்தின் ரத்தமும் அப்படி உறையும். ஒட்டுப்பால் ‘ஸ்க்ராப்’, மிஞ்சிப்போன துண்டுக் காகிதம், துண்டுச் செய்தி, துண்டுத் துணி எல்லாம் நாவலில் ‘ஸ்க்ராப்’. மரப்பட்டை ‘பார்க்’, நாய் குரைப்பதும் அதே எழுத்துகள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோட்டத்து டிரெஸர் என்றால் மருந்து கொடுப்பவர். ஆங்கில நாவலில் ‘டிரெஸர்’ மேல் சாவியை வைத்தாள் என்று வந்தால் மருத்துவ உதவியாளர் தலையில் வைத்ததாக நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மரச்சாமான். கண்டக்டரும் அப்படித்தான்: தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையைப் பார்ப்பவர், நாவலில் பெரும்பாலும் இசைக்குழுவை நடத்துபவர்.

வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், அவரிடம் தோட்டத்துச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு ஆகாவிட்டாலும் அந்தச் சொற்கள் அழியாமல் இருக்கும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்ட பிறகு அவற்றைச் சொல்ல வேறு ஆளில்லை.

4. புத்தகம் எடுக்கும் முன் ஐந்து விரல் சோதனை.

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் கை முழுக்க மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இது பள்ளி நூலகங்களில் சிறுவர்களுக்குச் சொல்லும் எளிய வழி. ஆனால் ஆய்வோடும் ஒத்துப்போகிறது. நியூஸிலாந்தின் பால் நேஷன், துணையில்லாமல் ஒரு நூலை வாசிக்க அதில் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது ஐம்பதுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 300 சொல் என்றால் ஆறு. லார்ட் ஜிம் போன்ற நாவல்களை எடுத்து 2006இல் அவர் போட்ட கணக்குப்படி, அந்த நிலைக்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும்.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது. மலாய் வழியாக வந்தவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள்.

5. உங்கள் ஊரில் நடக்கும் நாவலிலிருந்து தொடங்குங்கள்.

லண்டன் பனியில் தொடங்குகிறவருக்கு இரட்டைச் சுமை: பொருளும் தெரியாது, பெயரும் தெரியாது. பேராக்கில் நடக்கும் கதை என்றால் பொருள் தெரியும், பெயர் மட்டும் கற்றால் போதும். நல்லவேளையாக, கிந்தா பள்ளத்தாக்கை ஆங்கில நாவலாசிரியர்கள் அடிக்கடி எழுதியிருக்கிறார்கள்.

முதலில் யாங்ஸீ சூ எழுதிய ‘தி நைட் டைகர்’ (2019). 1931இல் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நடக்கும் கதை. ஒரு பக்கம் வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் வேலை செய்யும் சீனச் சிறுவன், மறுபக்கம் தையல் பழகும் பெண். ஆக, இரண்டாம் குறிப்பில் சொன்ன வீட்டுச் சொற்களும் துணிச் சொற்களும் இதில் தாராளம். கதை விறுவிறுப்பாகப் போவதால் அகராதி எடுக்கவே தோன்றாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது ஒரு நல்ல குணம்.

அடுத்தது தாஷ் அவ்வின் ‘தி ஹார்மனி சில்க் ஃபேக்டரி’ (2005). கிந்தாவில் துணிக்கடை நடத்தும் ஜானி லிம் என்ற மனிதரை மகன், மனைவி, ஆங்கிலேய நண்பர் என மூவர் சொல்கிறார்கள். மனைவியின் பகுதி நாட்குறிப்பு வடிவம். மூன்று குரலுக்கும் சொல்வளம் மூன்று விதம். எந்த வகைச் சொல் எந்த வகை மனிதர் வாயில் வருகிறது என்று பிடிபட இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மூன்றாவதாக, ஈப்போவில் வளர்ந்த பிரீதா சமரசனின் ‘ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே’ (2008). ஈப்போவின் ஒரு பெரிய வீட்டில் வாழும் ராஜசேகரன் என்ற தமிழ் வழக்கறிஞரின் குடும்பமும், அங்கிருந்து துரத்தப்படும் செல்லம் என்ற வேலைக்காரப் பெண்ணும் கதையின் மையம். வாக்கியங்கள் நீளம், சொற்கள் அடர்த்தி. ஆனால் அந்தச் சமையலறையும் பூஜையறையும் அக்கம்பக்கத்துப் பேச்சும் நமக்கு அத்துப்படி. கடினமான ஆங்கிலத்தை நமக்குச் சாதகமான மைதானத்தில் சந்திப்பது என்றால் இதுதான்.

அந்தோணி பர்ஜெஸ் 1954இல் குவாலா கங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். அந்த அனுபவத்தில் பிறந்தது ‘டைம் ஃபார் எ டைகர்’ (1956). அரிய சொற்களைத் தேடிப் பிடித்துப் போடுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். கடைசியில் வாசியுங்கள். நம்மவர்களைப் பற்றிய அவர் பார்வையில் எனக்குச் சில இடங்களில் உடன்பாடில்லை. சொல்லாட்சியில் குறை சொல்ல முடியாது.

பேராக்குக்கு வெளியே ஒன்றே ஒன்று: கெடா, பெடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ (1981). ஒரு தமிழ்ச் சிறுவன் ஆங்கிலப் பள்ளிக்குள் நுழைந்து அந்த மொழியைத் தனதாக்கிக்கொள்ளும் கதை. அளவில் சிறியது, சொல்லில் எளிது, மனத்துக்குக் கனமானது.

6. குறுந்தொகையை ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள்.

பிரீதா சமரசன் நாவலின் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? குறுந்தொகை 234ஆம் பாட்டு, மிளைப்பெருங் கந்தன் பாடியது, ஏ. கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பு. ராமானுஜனின் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ 1967இல் வந்தது. ஒவ்வொரு பாட்டும் அரைப் பக்கம்தான். பக்கத்தில் தமிழ் மூலத்தையும் உரையையும் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தமிழ் கடினம் என்பவர்களுக்கு ஆங்கிலம் உரையாகும்; ஆங்கிலம் கடினம் என்பவர்களுக்கு உரை அகராதியாகும். ராமானுஜன் எவ்வளவு சின்னச் சொற்களால் எவ்வளவு பெரிய வேலை செய்கிறார் என்று கவனியுங்கள்.

7. தெரிந்த கதை, தெரியாத மொழி.

ராஜாஜியின் ஆங்கில மகாபாரதமும் ராமாயணமும் எளிய நடையில் எழுதியவை. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் பொருள் தானாக ஊகத்தில் வரும். ஆர். கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ (1935) இதே வகை. பள்ளிக்கூடம், கணக்கு வாத்தியார், பாட்டி. இதற்கு அகராதியே வேண்டியதில்லை.

8. இன்னும் தொடக்க நிலையில் இருப்பவருக்கு.

ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 சொற்களுக்குள், ஆறாம் நிலை 2500 சொற்களுக்குள் எழுதியது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எளிமைப்படுத்திய வாசிப்பு நூல்களுக்கு வழிகாட்டிய மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியராக இருந்தபோது, வங்காளப் பிள்ளைகளின் சிரமத்தைப் பார்த்துத்தான் அந்த வேலையைத் தொடங்கினார்.

9. இரண்டு அகராதி வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு.

கண்ணால் பார்க்கும் பொருளுக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதி. பழைய வீடுகளில் லிப்கோ அகராதி எங்காவது பீரோவுக்குள் இருக்கும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ‘ஹிஞ்ச்’ என்பதற்குக் கீல் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆங்கில விளக்கத்தில் போனால் நாலு வரி வாசித்தும் படம் வராது.

மனநிலை, நடத்தை, தொனி பற்றிய சொல்லுக்குக் கற்போருக்கான ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி. லாங்மன் அகராதியின் விளக்கங்கள் சுமார் 2000 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதியவை. ‘ஸ்மக்’ என்ற சொல்லைத் தமிழ் அகராதி தற்பெருமை என்று சொல்லி விட்டுவிடும். அந்த முகத்தில் தெரியும் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்கிற திருப்தியை ஆங்கில விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும்தான் காட்டும்.

10. வாசிக்கும்போது நிற்காதீர்கள்.

தெரியாத சொல்லின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான், நகருங்கள். அத்தியாயம் முடிந்ததும் புள்ளிகளைத் திரும்பப் பாருங்கள். சில சொற்களின் பொருள் அதற்குள் புரிந்திருக்கும். சில திரும்ப வந்தே இருக்காது, விட்டுத் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை தலைகாட்டியதை மட்டும் அகராதியில் பாருங்கள். இரவல் புத்தகம் என்றால் பென்சிலும் கூடாது. காலண்டர் தாளைக் கிழித்து அடையாளமாக வைத்து, அதிலேயே பக்க எண்ணை எழுதுங்கள்.

11. மைலோ டின் முறை.

செபஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1972இல் வெளியிட்ட நூலில், அட்டைகளைப் பெட்டிக்குள் அறை அறையாகப் பிரித்து மனப்பாடம் செய்யும் முறையைச் சொன்னார். நமக்குப் பெட்டி வேண்டாம், மூன்று காலி மைலோ டின் போதும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் பொருள். முதல் டின்னைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை வாரம் ஒருமுறை, மூன்றாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டின்னுக்குப் போகும். தவறினால் எந்த டின்னில் இருந்தாலும் முதலாவதற்குத் திரும்பும். அப்பளம் பொரிக்க எண்ணெய் காயும் நேரத்தில் பத்து அட்டை பார்த்துவிடலாம். கைப்பேசிக்காரர்களுக்கு ‘அங்கி’ என்ற செயலி இதே வேலையைச் செய்யும். ஆனால் கைப்பேசியைச் சொல் படிக்க எடுத்து, சொல் மட்டும் படித்துவிட்டு வைத்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

12. அட்டையில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

அது வந்த காட்சியைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: ‘மாமியார் கதவருகே, பேசாமல், ஆனால் உள்ளே கனன்று’. ஆறு மாதம் கழித்துப் பொருள் மறந்தாலும் மாமியார் மறக்க மாட்டார்.

13. இரட்டைக்கிளவியைத் துணைக்கு அழையுங்கள்.

ஒலிக்கும் ஒளிக்கும் சொல் படைப்பதில் தமிழ் கெட்டிக்காரி. ஆங்கிலமும் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நெருக்கம். சருகு சலசலப்பது ‘ரஸில்’. தகரக் கூரையில் தூறல் படபடப்பது ‘பேட்டர்’. தூரத்து இடி கடகடப்பது ‘ரம்பிள்’. பழைய கதவு கிறீச்சிடுவது ‘க்ரீக்’. முணுமுணுப்பு ‘மர்மர்’. மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் யாராவது உறவினர் இருந்தால், ஒரு மாலை அவர் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து எந்த மழைக்கு எந்தச் சொல் என்று பிரித்துப் பாருங்கள்: ‘டிரிஸில்’ தூறல், ‘டவுன்போர்’ கொட்டும் மழை, ‘டாரன்ட்’ அடித்துக்கொண்டு ஓடும் வெள்ளம்.

ஒளிக்கு ஒரு குறுக்குவழி. ‘க்ள’ என்ற ஒலியில் தொடங்கும் ஆங்கிலச் சொல் கண்ணுக்கோ வெளிச்சத்துக்கோ உரியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மினுமினுத்தால் ‘க்ளிம்மர்’, ஈரத்தில் பளபளத்தால் ‘க்ளிஸன்’, தணலாக ஒளிர்ந்தால் ‘க்ளோ’, கண் கூசினால் ‘க்ளேர்’. ‘ஸ்ந’ ஒலியில் தொடங்கினால் மூக்கு, வாய்: தும்மல், குறட்டை, உறுமல், இளக்காரச் சிரிப்பு. விதிவிலக்குகள் உண்டு, ‘ஸ்நேக்’ முன்னால் வந்து நிற்கும். ஊகிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

14. பார்வைக்கு ஒரு தனிப் பக்கம்.

நாவலில் யாரும் சும்மா ‘லுக்’ பண்ணுவதில்லை. ஒரு பார்வை வீசினால் ‘க்ளான்ஸ்’, முறைத்தால் ‘க்ளேர்’, வெறித்தால் ‘ஸ்டேர்’, கண்ணை இடுக்கி உற்றுப் பார்த்தால் ‘பியர்’, மெய்ம்மறந்து பார்த்தால் ‘கேஸ்’, ஒளிந்து பார்த்தால் ‘பீப்’. நடைக்கும் இப்படி ஒரு பக்கம் வையுங்கள்.

15. நம் ஊர் ஆங்கிலத்தை ஓரமாக நிறுத்தி வையுங்கள்.

ஈப்போவில் ‘பிளர்’ என்றால் ஆள் விவரமில்லாதவர். நாவலில் மங்கலான காட்சி. நாம் ஒருவரை வண்டியில் கொண்டுபோய் விடுவதை ‘சென்ட்’ என்கிறோம், சாப்பாடு வாங்கிக் கொடுப்பதை ‘ஸ்பென்ட்’ என்கிறோம், அலட்டிக்கொள்பவரை ‘ஆக்‌ஷன்’ என்கிறோம். ‘காம்பவுண்ட்’ என்றதும் நமக்குப் போலீஸ் அபராதம்தான் நினைவுக்கு வரும். நாவலில் அது பெரும்பாலும் வீட்டைச் சுற்றிய வளாகம், ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து போனது என்பது பலரும் ஏற்கும் கருத்து. நம் பேச்சு தப்பு என்று நான் சொல்லவில்லை. பிரீதா சமரசன் நாவலின் உரையாடல்களில் இந்தப் பேச்சு ஜோராக வருகிறது. எங்கே எது என்று தெரிந்தால் போதும்.

16. கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு.

மலை, குகை, பாறை பற்றிய சொற்களை ஈப்போக்காரர் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கும்பிட்டு முடிந்ததும் சுண்ணாம்புப் பாறையை அண்ணாந்து பாருங்கள். செங்குத்துப் பாறைமுகம் ‘க்ளிஃப்’, துருத்திய விளிம்பு ‘லெட்ஜ்’, தலைக்கு மேல் நீண்டு நிற்பது ‘ஓவர்ஹேங்’, பிளவு ‘க்ரெவிஸ்’, பெருங்குகை ‘கேவர்ன்’.

17. காது கொடுத்துக் கேளுங்கள்.

‘லிப்ரிவாக்ஸ்’ தளத்தில் பதிப்புரிமை முடிந்த பழைய நாவல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள், கட்டணமில்லை. எழுத்து வடிவம் ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’கில் கிடைக்கும். கேட்டபடியே வாசித்தால் எந்த எழுத்து ஊமை என்று பிடிபட்டுவிடும். ‘ஸட்டில்’ என்ற சொல்லில் ஒரு ‘பி’ ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு நரைக்கத் தொடங்கியிருந்தது.

18. காசு விஷயம்.

ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. தேசிய நூலகத்தின் ‘யூ-புஸ்தாக்கா’வில் உறுப்பினரானால் மின்னூல் இரவல் வாங்கலாம். புதிதாக வாங்குவதென்றால், 2009இல் தொடங்கிய ‘பிக் பேட் வுல்ஃப்’ போன்ற மலிவு விற்பனைகளுக்குக் காத்திருங்கள். போவதற்கு முன் ஐந்து விரல் சோதனையை மறந்துவிட வேண்டாம். மலிவு என்று அள்ளி வந்து அலமாரியில் தூங்கும் புத்தகம்தான் ஆக விலை உயர்ந்தது. வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதை எடுத்து வையுங்கள், புத்தகச் செலவுக்கு வாழ்க்கைமுறைக் கழிவு உண்டு.

19. பக்கத்து வீட்டுச் சீனியர் கேம்பிரிட்ஜ்.

நாட்டில் ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய்க்கு மாறின. அதற்கு முன் ஆண்டர்சன், செயின்ட் மைக்கேல்ஸ், ஏ.சி.எஸ். போன்ற ஈப்போப் பள்ளிகளில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு வரை படித்தவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். காலையில் கோப்பிக் கடையில் பேப்பர் விரித்துக் குறுக்கெழுத்துப் போடுபவர் அநேகமாக அவர்களில் ஒருவர். “சார், இந்த வரி மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?” என்று புத்தகத்தை நீட்டுங்கள். “உட்காரும்மா” என்பார். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். கையில் நேரம் வைத்துக்கொண்டு போங்கள். பொருளோடு சேர்த்து, அந்தச் சொல்லை யார் சொல்வார், யார் சொல்ல மாட்டார் என்பதும் கிடைக்கும். அகராதி அதைத் தராது.

20. பிரபலமான சொல்வளப் புத்தகங்கள் பற்றி.

நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ (1949) நல்ல புத்தகம்தான். ஆனால் அது பெரும்பாலும் லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. முதல் குறிப்பைச் செய்து முடித்தவருக்கு அதில் பாதி பழைய பாடம். ‘தினம் ஒரு சொல்’ அனுப்பும் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

21. சில சொற்களை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள்.

‘கோர்ஸ்’, ‘ஹெதர்’, ‘ஹாதார்ன்’ என்று இங்கிலாந்துச் செடிகள் வரிசையாக வரும். பறவைகளும் வரும், குதிரை வண்டி வகைகளும் வரும். ஏதோ புதர், ஏதோ பறவை, ஏதோ வண்டி என்று கடந்துபோங்கள். கதை அந்தச் செடியைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் மட்டும் கைப்பேசியில் படத்தைப் பாருங்கள். மலாயாவைப் பற்றிய ஆங்கில நாவலில் ‘லாலாங்’ என்று வரும்போது லண்டன் வாசகர் அகராதியைத் தேடி எழுந்து போவதில்லை. ஏதோ கோரைப்புல் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.